கூண்டுக்குள்ளே ஒரு பெண் ஜன்மம்

உங்கள் வீட்டில் கினிப் பன்றி இருக்கிறதா? "ராமா, பன்றியா!" என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். பெயரில்தான் பன்றி. ஆசாமியைப் பார்த்தால் முயலுக்குத் தம்பி, பெருச்சாளிக்கு அத்தான் என்று சொல்லலாம். காது குட்டை, வால் கிடையவே கிடையாது. கடைக்காரர்கள் 'கினி பிக்' என்று சொல்லி விற்கிறார்கள். ஆப்பிரிக்காவில் உள்ள கினி தேசத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தென் அமெரிக்காவில் பெரு, பொலிவியா முதலிய ஆண்டீஸ் மலை நாடுகள்தான் இதன் பிறந்தகம். அங்கே பல ஆயிரம் வருஷங்களாக ஜனங்கள் இதை வீட்டில், அதுவும் சமையற்கட்டு மூலையிலேயே வளர்த்து வந்திருக்கிறார்கள். சமையற்கட்டில் எதற்கு என்று கேட்கிறீர்களா? வேண்டாம், சைவ வாசகிகள் மன்னிக்க வேண்டும்! அந்த ஊரில் அதற்குக் 'குய்' என்று பெயர். பசி வந்ததும் அது போடுகிற கூச்சலைக் கேட்டவர்கள், இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை என்பார்கள்.

நகரத்துக் குடித்தனத்தில் நாய் வளர்க்க இடம் போதாது. பூனைக்கு மாமியார் சம்மதிக்க மாட்டார். குழந்தையோ விடுவதாக இல்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பாவும் பெண்ணும் ஓர் அட்டைப் பெட்டியுடன் வாசலில் வந்து நிற்கிறார்கள். உள்ளே இரண்டு குட்டிகள். "இரண்டும் பெண்தானாம், சண்டையே போடாதாம்" என்கிறார் அப்பா. ஒரு வாரம் வரை பெண் புல் போடுகிறாள். அப்பா தண்ணீர் வைக்கிறார். எட்டாவது நாள் முதல் அந்த உத்தியோகம் யார் தலையில் விழுகிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை! ஆகவே, சகோதரி, இதை உங்களுக்கே எழுதுகிறேன்.

நல்ல பராமரிப்பில் இந்தப் பிராணி ஐந்து முதல் ஏழு வருஷம் வரை இருக்கும். ஆனால் பெண்ணாகப் பிறந்துவிட்டால் அதற்கென்று சில தனிக் கஷ்டங்கள் உண்டு. பிரசவத்தில் கண்டம், சினைப்பையில் கட்டி, கர்ப்பப்பையில் கோளாறு, சிறுநீர்ப்பையில் கல் என்று வரிசையாக வரும். நாமெல்லாம் தலைவலி என்றால் வீட்டுக்கே தெரியும்படி முனகுவோம். இது முனகாது. கழுகுக்கும் நரிக்கும் இரையாகப் பிறந்த ஜாதி. நோயாளி என்று வெளியே காட்டிக்கொண்டால் அன்றோடு கதை முடிந்தது. அந்தப் பழக்கம் கூண்டுக்கு வந்த பிறகும் போகவில்லை. 'ஐயோ, படுத்துவிட்டதே' என்று நாம் கண்டுபிடிக்கும்போது உள்ளே நோய் வந்து பல நாட்கள் ஆகியிருக்கும்.

முதலில், வாங்கி வந்தது பெண்தானா? இதில் கடைக்காரர் வாக்கை வேத வாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். சிறு குட்டிகளில் ஆண் பெண் வித்தியாசம் சட்டென்று தெரியாது. பெண்ணுக்கு அந்த இடம் ஆங்கில 'ஒய்' எழுத்து மாதிரி பிளவுபட்டிருக்கும். ஆணுக்கு ஒரு சிறு பொத்தான் போலத் தெரியும். சந்தேகமாக இருந்தால் மிருக வைத்தியரிடம் காட்டிவிடுங்கள். வாங்கிய வாரத்திலேயே காட்டுங்கள். ஏனென்றால், இந்த ஜாதியில் பெண் குட்டி பிறந்து நாலைந்து வாரத்திலேயே கருத்தரிக்கக் கூடியதாகிவிடுகிறது. ஆண் குட்டியை மூன்று வாரம் ஆனதும் தாயிடமிருந்தும் தங்கைகளிடமிருந்தும் பிரித்துவிட வேண்டும் என்பது வைத்தியர்கள் சொல்லும் கணக்கு. கடையில் எல்லாம் ஒரே பெட்டியில் கலந்து கிடக்கின்றன. நீங்கள் வாங்கி வரும் 'குழந்தை' ஏற்கனவே கர்ப்பிணியாக இருக்கலாம். திடீரென்று ஒரு நாள் காலையில் கூண்டில் இரண்டுக்குப் பதில் ஐந்து உருப்படிகள் இருப்பதைப் பார்த்துத் திகைத்த குடும்பங்கள் பல உண்டு.

கர்ப்ப காலம் 59 நாட்களிலிருந்து 72 நாட்கள் வரை. உருவத்தைப் பார்த்தால் இது நெடுங்காலம். சுண்டெலிக்கு மூன்று வாரம்தானே! அதற்கு ஏற்றாற் போல, குட்டி பிறக்கும்போதே கண் திறந்து, ரோமம் முளைத்து, பல்லோடு பிறக்கிறது. மறுநாளே புல்லைக் கடித்துப் பார்க்கிறது. பார்க்கிற நமக்கு அதிசயம். சுமக்கிற தாய்க்கு? இரண்டு, மூன்று, நாலு என்று இப்படி முழு வளர்ச்சி பெற்ற குட்டிகளைச் சுமக்கிறது. கடைசி நாட்களில் அதன் எடை ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். நடக்கும்போது வயிறு தரையில் படும்.

இவ்வளவு பெரிய குட்டி வெளியே வர வழி? இங்கேதான் இயற்கை ஓர் உபாயம் செய்திருக்கிறது. இடுப்பெலும்பின் இரு பாதிகளும் முன்பக்கத்தில் சேரும் இடத்தில் எலும்பு கிடையாது, ஒரு குருத்துதான். பிரசவம் நெருங்க நெருங்க, உடம்பில் சுரக்கும் ஒரு ஹார்மோன் அந்தக் குருத்தை இளக்கி, இரண்டு எலும்புகளையும் விலக்கிவிடுகிறது. பிரசவத்துக்கு ஓரிரு நாள் முன்னால் தடவிப் பார்க்கும் வைத்தியர், நடுவில் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருப்பதை உணரலாம். அமெரிக்காவில் பிரெடரிக் ஹைசா என்ற ஆராய்ச்சியாளர் 1926-ல் இந்த ரகசியத்தைக் கண்டுபிடித்ததே கினிப் பன்றிகளிடம்தான். கர்ப்பமான பிராணியின் ரத்தத்திலிருந்து எடுத்த நீரைக் கர்ப்பமில்லாத கினிப் பன்றிக்கு ஊசியில் ஏற்றினார். அதன் இடுப்பெலும்பும் விலகிக் கொடுத்தது! அந்த ஹார்மோனுக்குப் பின்னால் 'ரிலாக்ஸின்' என்று பெயர் வைத்தார்கள். அது நம் பெண்களின் உடம்பிலும் சுரக்கிறது. ஆகவே, உங்கள் கூண்டில் இருப்பதற்கு நாம் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறோம்.

இனிமேல் சொல்வதைத் தயவு செய்து கவனித்துப் படியுங்கள். அந்தக் குருத்துக் கதவு என்றைக்கும் இளகிக் கொடுப்பதில்லை. முதல் பிரசவம் ஆகாமலே ஆறு, ஏழு மாதம் தாண்டிவிட்டால், குருத்து இறுகி, எலும்பு போல் கெட்டிப்பட்டுப் போகிறது. பிறகு கர்ப்பமானால் கதவு திறக்காது. வலி வரும்; குட்டி வராது. தாய் முக்கி முக்கி ஓய்ந்து, குட்டிகளோடு சேர்ந்து உயிரை விடும். பருமனான தாய்க்கும், ஒரே ஒரு பெரிய குட்டியைச் சுமக்கும் தாய்க்கும் இதே ஆபத்து உண்டு. வயசை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால், 'ஒரு வயசாகிவிட்டது, பாவம், ஒரு தடவையாவது குட்டி போடட்டுமே' என்று இரக்கப்பட்டு யாரோ வீட்டு ஆண் கினிப் பன்றியைக் கூண்டில் விடுகிறார்களே, அந்த இரக்கம் மிகவும் பொல்லாதது.

சாதாரணமாக அரை மணியில் எல்லாக் குட்டிகளும் பிறந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் நடுவே சில நிமிஷங்கள்தான். தாய் குட்டியை நக்கிச் சுத்தம் செய்து, நஞ்சுக்கொடியையும் தின்றுவிடும். அருவருப்பாக இருந்தாலும் தடுக்காதீர்கள். இருபது நிமிஷம் பலமாக முக்கியும் ஒரு குட்டியும் வரவில்லை என்றாலோ, ரத்தமோ பச்சை நிறக் கசிவோ கண்டாலோ, கைவைத்தியம் எதுவும் வேண்டாம். இழுத்துப் பார்க்கவும் வேண்டாம். நேரே வைத்தியரிடம் போய்விட வேண்டியதுதான். எலும்பு விலகியிருந்தால் ஊசி போட்டுப் பார்ப்பார். விலகாவிட்டால் வயிற்றைக் கீறித்தான் எடுக்க வேண்டும். அந்த ஆபரேஷனில் பிழைப்பது நிச்சயமில்லை. நேரம் ஆக ஆக நம்பிக்கை குறைந்துகொண்டே போகும்.

பிரசவமாகி அம்மா ஓய்வெடுக்கட்டும் என்று நாம் நினைக்கிறோம். இயற்கை அப்படி நினைப்பதில்லை! குட்டி போட்ட சில மணி நேரத்துக்குள்ளேயே தாய்க்கு மறுபடி பருவம் வந்துவிடுகிறது. தகப்பன் அதே கூண்டில் இருந்தால், குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த கர்ப்பம் ஆரம்பம். வருஷத்துக்கு நாலைந்து பிரசவம் என்றால் எந்த உடம்பு தாங்கும்? கர்ப்பம் என்று தெரிந்த உடனே ஆணைப் பிரித்து வேறு கூண்டில் வையுங்கள். ஜோடியாகத்தான் வைக்க வேண்டும் என்று ஆசையிருந்தால், ஆணுக்கு ஒரு சிறிய ஆபரேஷன் செய்துவிடலாம். பெண்ணுக்குச் செய்வதைவிட அது சுலபம். செய்த பிறகும் ஆறு வாரம் தள்ளியே வைத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் சேர்த்துவிட்டு, "ஆபரேஷன் பலிக்கவில்லை" என்று டாக்டரோடு சண்டைக்குப் போகக் கூடாது! என் அபிப்பிராயத்தைக் கேட்டால், வீட்டில் குட்டி போட வைப்பதே வேண்டாத வேலை. குழந்தைகளுக்கு வேடிக்கை, பணயம் வைப்பது ஓர் உயிர்.

கர்ப்பிணிக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. கொழுத்த உடம்போடு இருக்கும் கர்ப்பிணி, கடைசி இரண்டு வாரத்திலோ குட்டி போட்ட முதல் வாரத்திலோ, ஏதோ காரணத்தால் சாப்பாட்டை நிறுத்தி விடுகிறது. வீடு மாற்றியிருப்பீர்கள், கூண்டை இடம் மாற்றியிருப்பீர்கள், வெயில் கடுமையாக இருந்திருக்கும். சாப்பாடு நின்றதும் உடம்பு தன் கொழுப்பையே எரிக்கத் தொடங்கும். அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து விஷமாகிறது. வாயருகே முகர்ந்தால் நகப் பாலிஷ் அழிக்கும் திரவத்தின் வாடை அடிக்கும். மூலையில் குறுகி உட்கார்ந்திருக்கும்; இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். வந்த பிறகு காப்பாற்றுவது அபூர்வம். வராமல் தடுக்கலாம்: கர்ப்பத்துக்கு முன்பே உடம்பை அளவாக வைத்திருப்பது, கர்ப்ப காலத்தில் ஒரு வேளைகூடப் பட்டினி போடாமல் இருப்பது, இடத்தை மாற்றாமல் இருப்பது. மே மாத உஷ்ணத்தில் பால்கனியில் கூண்டை வைக்கவே வைக்காதீர்கள். குளிர்ந்த மலையில் பிறந்த ஜீவன் இது. 27, 28 டிகிரி செல்ஷியஸுக்கு மேல் போனால் திணறிவிடும். வீட்டிலேயே குளுமையான அறை எதுவோ, அதுதான் அதன் அறை.

இது நிற்க. ஆணே இல்லாமல், குட்டியே போடாமல், இரண்டு பெண் கினிப் பன்றிகளைச் சகோதரிகளாக வளர்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'அப்பாடா, நமக்குக் கவலையில்லை' என்று தோன்றும். அங்கேதான் சினைப்பை நீர்க்கட்டி வந்து நிற்கிறது.

நீர்க்கட்டி என்ற வார்த்தை நம் பெண்களுக்குப் புதிதல்ல. கினிப் பன்றிக்கு வருவது வேறு வகை. சினைப்பையை ஒட்டியுள்ள மெல்லிய குழல் வலையில் நீர் தேங்கித் தேங்கிப் பையாக வீங்குகிறது. ஒன்றரை வயசுக்கு மேற்பட்ட பெண் கினிப் பன்றிகளைப் பரிசோதித்த வைத்தியர்கள், பாதிக்கு மேற்பட்டவற்றில் இதைப் பார்த்திருக்கிறார்கள். குட்டி போட்டதற்கும் வரும். கன்னியாகவே இருப்பதற்கும் வரும். சில கட்டிகள் மிளகளவோடு நின்றுவிடும். அவற்றால் தொந்தரவே இல்லை. சில, எலுமிச்சம்பழ அளவுக்கும் அதற்கு மேலும் வளரும். முக்கால் கிலோ உடம்புக்குள் இரண்டு எலுமிச்சம்பழம் என்றால், குடலுக்கு இடம் ஏது? இரைப்பைக்கு இடம் ஏது? பசி குறையும், புழுக்கை சிறுத்துப் போகும். முதுகைத் தடவினால் எலும்பு தட்டும். வயிறு மட்டும் பேரிக்காய் போலப் பெருத்திருக்கும். "நன்றாகக் கொழுத்திருக்கிறதே!" என்று வந்தவர்கள் சொல்வார்கள். நீங்கள் நம்பிவிடக் கூடாது.

வேறோர் அடையாளமும் உண்டு. இரண்டு விலாப் பக்கங்களிலும் ஒரே மாதிரி, கத்தரித்து எடுத்தது போல, ரோமம் உதிரும். சொறியாது. தோல் சிவக்காது. சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொண்டால் அது சிற்றுண்ணியின் வேலை. கட்டியின் வேலை அல்ல. கர்ப்பத்தின் கடைசியிலும் ரோமம் மெலிவது உண்டு. ஆகவே, ஆண் சகவாசமே இல்லாத இரண்டு வயசுப் பெண்ணுக்கு இரு பக்கமும் வழுக்கை விழுந்தால் சந்தேகப்பட வேண்டும். காம்புகள் இரண்டும் தடித்துப் பொருக்குத் தட்டியிருக்கலாம். (இந்தப் பிராணிக்கு இரண்டே காம்புகள்தான்.) குணமும் மாறும். நேற்று வரை பரம சாதுவாக இருந்தது, இன்று தோழியைத் துரத்தும். ஆண் மாதிரி உறுமிக்கொண்டு மேலே ஏறும். பருவம் வரும்போது ஓரிரு நாள் இப்படிச் செய்வது சகஜம். பதினைந்து, பதினாறு நாளைக்கு ஒரு தடவை பருவம் வரும். விடாமல் தினமும் செய்தால் அது ஹார்மோன் கோளாறு.

கட்டி இருக்கிறதா என்று நீங்கள் வயிற்றை அழுத்திப் பார்க்காதீர்கள். உள்ளே உடைந்துவிடக் கூடும். ஸ்கேன் எடுத்தால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்துவிடும். சில வகைக் கட்டிக்கு ஹார்மோன் ஊசி பலிக்கும்; சில வகைக்குப் பலிக்காது. ஊசி குத்தி நீரை வெளியேற்றுவதும் உண்டு. அது தற்காலிகச் சாந்திதான், நீர் மறுபடி ஊறிவிடும். முழுக் குணம் வேண்டுமென்றால் சினைப்பையை எடுத்துவிட வேண்டும். கூடவே கர்ப்பப்பையையும் எடுத்துவிடுவது பல வைத்தியர்களின் வழக்கம். ஏனென்றால் வயசான காலத்தில் அதிலும் கட்டிகளும் சீழும் வருகின்றன. இவ்வளவு சின்ன உடம்புக்கு மயக்க மருந்து கொடுப்பதில் அபாயம் இல்லாமல் இல்லை. ஆனால், இளம் வயசில், திடகாத்திரமாக இருக்கும்போது செய்யும் ஆபரேஷனுக்கும், கட்டி பெருத்து உடம்பு இளைத்த பிறகு செய்யும் ஆபரேஷனுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். டாக்டரிடம் மனம் விட்டுப் பேசி, இந்த ஜாதிக்கு அவர் எத்தனை ஆபரேஷன் செய்திருக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதில் தப்பே இல்லை.

அடுத்தபடி, ரத்தம். கூண்டுத் துணியில் ஒரு சிவப்புப் பொட்டு. 'வயசுக்கு வந்திருக்கும், மாத விலக்காக இருக்கும்' என்று நினைத்துவிடுவது பெண்களுக்கு இயல்பு. கினிப் பன்றிக்கு மாத விலக்கு கிடையாது. பருவ காலம் உண்டு. ரத்தப் போக்கு இல்லை. ஆகவே எந்த வயசிலும், ஒரு துளி ரத்தமானாலும், அது நோயின் அடையாளம். பீட்ரூட் தின்றாலும், சில கீரைகளைத் தின்றாலும் சிறுநீர் செந்நிறமாக இருப்பது உண்டு. சாயமா, ரத்தமா என்பதை வைத்தியர் ஒரு சின்னக் காகிதப் பட்டையை நனைத்து ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். ரத்தம்தான் என்றால் அடுத்த கேள்வி, எங்கிருந்து? கர்ப்பப்பையிலிருந்தா, சிறுநீர்ப்பையிலிருந்தா? இதற்கு நீங்கள் உதவி செய்யலாம். மரத்தூளை எடுத்துவிட்டு, பழைய வெள்ளை வேட்டித் துணியை ஒரு நாள் விரியுங்கள். சிறுநீர் முழுவதுமே சிவந்திருக்கிறதா, அல்லது சிறுநீர் இல்லாத இடத்திலும் தனியாக ரத்தத் துளி இருக்கிறதா என்பது துணியில் தெரிந்துவிடும். அந்தத் துணியையே மடித்து டாக்டரிடம் எடுத்துப் போங்கள். அருவருப்பு வேண்டாம், அது நூறு வார்த்தை பேசும்.

சிறுநீர்க் கோளாறும் இந்தப் பெண் ஜன்மத்துக்குச் சற்று அதிகம். காரணம், உடம்பின் அமைப்பு. சிறுநீர் வரும் துவாரம் மலம் வரும் இடத்துக்கு மிக அருகில், கீழே தரையை ஒட்டி இருக்கிறது. குழாயும் குட்டை. ஈரமான, அழுக்கான படுக்கையில் உட்கார்ந்திருந்தால் கிருமி உள்ளே ஏறுவதற்கு வெகு நேரம் ஆகாது. அந்தக் கிருமிகளில் முக்கியமானது, நம் பெண்களுக்கு நீர்க்கடுப்பைக் கொண்டுவரும் அதே கிருமிதான். தினமும் படுக்கையை மாற்றினாலே பாதி வைத்தியம் செய்தாகிவிட்டது.

மறு பாதி, கல். நமக்கெல்லாம் உணவில் சுண்ணாம்புச் சத்து அதிகமானால் குடலே வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடும். கினிப் பன்றியின் குடலுக்கு அந்த விவேகம் கிடையாது. வந்ததில் பெரும் பங்கை உள்ளே இழுத்துக்கொண்டு, மிச்சத்தைச் சிறுநீர் வழியாக அனுப்புகிறது. ஆகவே அதன் சிறுநீர் எப்போதுமே கொஞ்சம் கலங்கல்தான். காய்ந்த பிறகு கோலப் பொடி தூவியது போல வெள்ளைப் படலம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். விரலால் தேய்த்துப் பார்க்கும்போது ரவை மாதிரி நறநறவென்று இருந்தால் அது நல்லதல்ல. உள்ளே வண்டல் சேர்கிறது என்று அர்த்தம். வண்டல் திரண்டால் கல். பெரும்பாலும் அது வெறும் சுண்ணாம்புக் கல்லாகவே இருக்கிறது. எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும்.

கல் இருந்தால் எப்படித் தெரியும்? சிறுநீர் கழிக்கும்போது முதுகை வில் போல வளைத்துக்கொண்டு 'குய்ய்' என்று தீனமாகக் கத்தும். சாப்பாட்டுக்குக் கத்துகிற உற்சாகக் குரல் வேறு, இது வேறு. இரண்டு நாள் பழகினாலே உங்கள் காது பிரித்துவிடும். அடிப்பக்கம் எப்போதும் நனைந்திருக்கும், வாடை அடிக்கும். சொட்டுச் சொட்டாகப் போகும். சொட்டும் வராமல் அடைத்துக்கொண்டால், அன்றே, அந்த மணியே டாக்டர்.

இந்த ஓர் இடத்தில் மட்டும் பெண்ணாகப் பிறந்தது லாபம்! ஆணைவிடப் பெண்ணுக்கு அந்தக் குழாய் அகலம்; சிறிய கல்லாக இருந்தால் தானே வெளியே வந்துவிடுவதும் உண்டு. வாசலில் வந்து மாட்டிக்கொண்ட கல்லை, மயக்கம் கொடுத்து, கத்தி வைக்காமலே வைத்தியர் எடுத்துவிடலாம். பெரிய கல்லுக்கு ஆபரேஷன்தான். எடுத்த பிறகும் மறுபடி வளர்வது சகஜம். ஆகவே சமையற்கட்டில் கவனம் வேண்டும்.

முருங்கைக்கீரை நம் வீட்டுக் குழந்தைகளுக்கு நல்லது, பாலூட்டும் தாய்க்கு நல்லது. சுண்ணாம்புச் சத்து ஏராளம். அதனாலேயே கல் கண்ட கினிப் பன்றிக்கு ஆகாது. பசலைக்கீரையும் தினப்படி வேண்டாம். குதிரை மசால் என்ற தீவனப் பயிரைச் சில கடைகளில் கொடுப்பார்கள். வளரும் குட்டிக்கும் கர்ப்பிணிக்கும் சரி, வளர்ந்ததற்குக் கூடாது. கடையில் விற்கும் தீவன உருண்டைகளைக் கிண்ணம் நிறையக் கொட்டி வைப்பதும் தவறு; தினம் ஒரு பிடி போதும். பிரதான ஆகாரம் புல்தான். வெளிநாட்டிலிருந்து வரும் காய்ந்த திமோதிப் புல்லின் விலையைக் கேட்டால் நமக்கு மயக்கம் வரும். பிள்ளையாருக்கு வாங்குகிறோமே அருகம்புல், அதையே கட்டுக் கட்டாக வாங்கி, அலசி, நிழலில் உலர்த்திக் கொடுக்கலாம். மருந்து தெளிக்காத இடத்துப் புல்லாக இருக்க வேண்டும். வைக்கோலில் சத்தில்லை, படுக்கைக்கு வேண்டுமானால் ஆகும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். புட்டியும் வையுங்கள், மண் கிண்ணமும் வையுங்கள். எதில் அதிகம் குடிக்கிறதோ அது நிரந்தரம். காய்கறியைத் துடைக்காமல் ஈரத்தோடு போடுவதும் ஒரு யுக்தி.

வைட்டமின் 'ஸி' விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நாய், பூனை, பசு எல்லாம் தங்கள் உடம்பிலேயே இதைத் தயாரித்துக்கொள்கின்றன. மனிதர்களுக்கு முடியாது, கினிப் பன்றிக்கும் முடியாது. நார்வே தேசத்தில் ஆக்ஸல் ஹோல்ஸ்ட், தியோடர் புரோலிக் என்ற இருவர் 1907-ல் கினிப் பன்றிகளுக்குத் தானியத்தை மட்டும் கொடுத்து வளர்த்தபோது, மாலுமிகளுக்கு வருகிற ஸ்கர்வி நோய் அவற்றுக்கும் வந்தது; வைட்டமின் 'ஸி'யைத் தேடிப் பிடிப்பதற்கு அதுவே வழி காட்டியது. இந்தச் சத்து குறைந்தால் ஈறு வீங்கும், மூட்டு வலிக்கும், ஆபரேஷன் புண் ஆறாது. உடல் எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும்; கர்ப்பிணிக்கு மேல் அளவு. குடைமிளகாயில் ஒரு துண்டு, கொஞ்சம் கொத்துமல்லி, கொய்யாவில் ஒரு சின்னக் கீற்று, தின்றால் பெரிய நெல்லிக்காயில் ஒரு சிறு துண்டு கொடுத்தால் கணக்கு முடிந்தது. தண்ணீரில் சொட்டு மருந்து கலப்பது வீண். சில மணி நேரத்திலேயே சத்து குறைந்துவிடும்.

இப்போது ஓர் எச்சரிக்கை. சிறுநீர்க் கடுப்பு என்று தெரிந்ததும், 'குழந்தைக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக் சிரப் மிச்சம் இருக்கிறதே, இரண்டு சொட்டு விடலாமே' என்று கை அலமாரிக்குப் போகும். நிறுத்துங்கள்! பென்சிலின், அமாக்ஸிஸிலின், ஆம்பிஸிலின் இவையெல்லாம் கினிப் பன்றிக்கு விஷம். புல்லைச் செரிக்க வைக்கும் நல்ல கிருமிகளைக் கொன்று, கெட்ட கிருமிகளைக் குடலில் பெருக வைத்து, சில நாட்களில் உயிரை வாங்கிவிடும். 1940-ம் வருஷம் மே மாதம் 25-ந் தேதி ஆக்ஸ்போர்டில் ஹோவர்ட் புளோரியின் கூட்டத்தார் பென்சிலினை முதன்முதலில் எட்டுச் சுண்டெலிகளிடம் சோதித்தார்கள். எட்டுக்கும் நோய்க் கிருமியை ஏற்றி, நாலுக்கு மட்டும் மருந்து கொடுத்தார்கள். மறுநாள் காலையில் அந்த நாலு மட்டும் உயிரோடு இருந்தன. கினிப் பன்றிக்குப் பென்சிலின் ஆகாது என்பது 1943-ல் வெளியாயிற்று. அன்று சுண்டெலிக்குப் பதில் இதன் கூண்டைத் திறந்திருந்தால் மருந்தையே தூக்கிப் போட்டிருப்பார்களோ என்னவோ! கினிப் பன்றிக்கு ஒத்துக்கொள்ளும் ஆன்டிபயாடிக்குகள் வேறு இருக்கின்றன. வைத்தியர் தேர்ந்தெடுத்துக் கொடுப்பார்.

இத்தனையையும் எப்படி நினைவில் வைத்துக்கொள்வது என்று மலைக்க வேண்டாம். வாரம் ஒரு நாள், வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்களேன், அதைத் தராசில் நிறுத்தி, எடையைக் காலண்டரில் குறியுங்கள். வளர்ந்த பெண் 700 முதல் 900 கிராம் வரை இருக்கும். ஒரே வாரத்தில் 50 கிராம் இறங்கினால் கவனிக்க வேண்டும். அடுத்த வாரமும் இறங்கினால் காத்திருக்க வேண்டாம். நிறுக்கும்போதே விலாவையும் காம்பையும் அடிப்பக்கத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். உங்கள் பெண்ணையே குறிக்கச் சொல்லலாம். பெரியவர்களைவிடக் குழந்தைகள் இந்த மாதிரி வேலையை ஒழுங்காகச் செய்கிறார்கள்.

எல்லா மிருக வைத்தியர்களும் கினிப் பன்றி பார்ப்பதில்லை. சௌக்கியமாக இருக்கும்போதே விசாரித்து, யார் பார்க்கிறார் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சென்னைவாசிகளுக்கு, 1903-ல் ஆரம்பித்த வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே கேட்டுப் பார்க்கலாம். கொண்டுபோகும்போது பெட்டியில் துணி விரித்து, ஒரு பிடி புல் வைத்து, தோழியையும் கூடவே எடுத்துப் போங்கள்; தனியாகப் போனால் பயத்திலேயே பாதி சோர்ந்துவிடும். ஆபரேஷன் என்றால் நமக்கு முதல் நாள் இரவே பட்டினி; இதற்கு அப்படியில்லை. குடல் ஓய்ந்தால் உயிர் ஓயும். போகிற வரை தின்னட்டும். திரும்பி வந்ததும், தானாகத் தின்னாவிட்டால், தீவன உருண்டையை வெந்நீரில் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, வாயின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்ட வேண்டும். இரவிலும் எழுந்து இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை புகட்ட வேண்டியிருக்கும். பக்கத்தில் நாலு அருகம்புல்லைப் போட்டு வையுங்கள். விடியற்காலையில், இருட்டில், 'கறுக் கறுக்' என்று புல் கடிபடும் சத்தம் கேட்டால், சிரிஞ்சைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுக்கலாம்.